ஜேம் போத்தலில் நுரைத்த பால்

எல்கடுவைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் உதவி டீமேக்கராக வேலை பார்த்த காலம் அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தாலும் எங்கள் தோட்டத்துக்கு இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலேயே என் பகல் போய்விடும். மேல் தட்டில் கொழுந்து வாடும், கீழே ரோதை இயந்திரத்தில் அரைபடும், பிறகு சூட்டில் காயும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணம். வீட்டுக்கு வரும்போது சட்டையிலும் தலைமயிரிலும் அந்த மணங்கள் எல்லாம் சேர்ந்து வரும். எனக்கு வாய்த்த மனைவியோ தேயிலையைத் தொடாதவள். கோப்பிதான் குடிப்பாள்.

அவள் மாத்தளை டவுன்காரி. அவளுடைய அண்ணன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிகளுக்கிடையே ஏழெட்டுக் கோப்பி மரங்கள் உண்டு. பழம் பறித்துக் காயவைத்துக் கொட்டையாக்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். அதை அவளே வறுத்து, உரலில் இடித்து, தகரத்தில் அடைத்து வைப்பாள். எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் எல்லா வீட்டிலும் தேயிலை கொதிக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் கோப்பி மணக்கும். பெரிய டீமேக்கர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "உங்க வீட்டுல தோட்டத்துக்கு எதிரா வேல நடக்குது" என்று என்னைச் சீண்டுவார்.

கோப்பியை அவள் ஆற்றும்போது நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கையை மேலே தூக்கி ஒரே இழுப்பாக ஊற்றுவாள். ஒரு துளி வெளியே விழாது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நிற்கும். "நுர இல்லாட்டி அது கோப்பி இல்லங்க, பாத்திரம் கழுவுன தண்ணி" என்பாள். அதை ஆக்குவதும் அடுக்குவதும் அவள் வேலை. எனக்குக் குசினியில் தீப்பெட்டி இருக்கும் இடம்கூடத் தெரியாது.

கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு பிள்ளைகள் கலைந்து போயின. முதலாவது மூன்றாம் மாதத்தில். இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். மாத்தளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பஸ்ஸில் வளைவெல்லாம் குலுங்கித் திரும்பி வந்த மறுநாள் காலை அவளுக்கு வலி எடுத்தது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்து காயவைக்கும் இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு நான் போனேன். மத்தியானம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். அன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதை அவள் எனக்கு உடனே சொல்லவில்லை. வாந்தி தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சோறு கொதிக்கும் ஆவி பட்டால் ஓடுவாள். பால் காய்ச்சினால் ஓடுவாள். கோப்பி மணமும் ஆகவில்லை. தண்ணீர் குடித்தால் அதுவும் திரும்பி வந்தது. மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரை ஏறியது.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டாக்டர் ஐயா வந்து பார்த்தார். அவர் பட்டம் பெற்ற டாக்டர் இல்லை. மருந்து கலக்கப் படித்தவர். ஆனால் நிதானமான மனிதர்.

"ஏதாவது ஒண்ணு உள்ள தங்கணும் தம்பி. தங்காட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார்.

"பஸ்ஸுல ஏற மாட்டேன்" என்றாள் அவள், கட்டிலில் இருந்தபடியே. குரல் மெலிந்திருந்தாலும் அதற்கு மேல் யாரும் பேச முடியாதபடி சொன்னாள். போனமுறை நடந்தது பஸ்ஸால்தான் என்று அவள் நம்பினாள். இல்லையென்று சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் கோப்பை. பக்கத்து வீட்டுக்காரி காலையில் வந்தபோது தனக்கென்று போட்டு, குடிக்காமல் வைத்துவிட்டுப் போன கோப்பி அது. குளிர்ந்து போயிருந்தது.

"பாதி குடிச்சிட்டேங்க. ஒரு மணித்தியாலமாச்சு. இன்னும் வரல" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம். வரவில்லை.

"ஆவி இல்லாததால வாசம் அடிக்கல. அதான் தங்குது போல" என்றாள். பிறகு கோப்பைக்குள் பார்த்து முகம் சுளித்தாள். "ஆனா நுர இல்ல. கசாயம் குடிக்கிற மாதிரி இருக்கு. கண்ண மூடிக்கிட்டுத்தான் குடிச்சேன்."

டாக்டர் ஐயாவிடம் கேட்டேன். "குடுங்க. கோப்பி ரெண்டு கரண்டிக்கு மேல வேணாம். மிச்சம் பாலா இருக்கட்டும். சீனி தாராளமாப் போடுங்க" என்றார். குளிர்ந்த பால் என்பது முடிவாயிற்று. அதற்கு நுரை வரவழைப்பது என் வேலையாயிற்று.

நான் இயந்திரங்களோடு வேலை செய்கிறவன். ஒரு கோப்பை பாலில் நுரை எடுப்பது பெரிய காரியமா என்று நினைத்தேன். முதல் நாள் குளிர்ந்த பாலை அவளைப் போலவே கையைத் தூக்கி ஆற்றினேன். பாதி தரையில் போயிற்று. மீதியில் பெரிய பெரிய குமிழிகள் வந்து, கோப்பையை அவளிடம் கொண்டு போவதற்குள் ஒவ்வொன்றாக உடைந்து மறைந்தன. அடுத்த நாள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் மாடு வைத்திருந்த பெரியவர் கொண்டுவரும் பாலைக் காய்ச்சாமலே ஒரு ஜேம் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கிக் குலுக்கினேன். முதலில் நுரை வருவது போல இருந்தது. இன்னும் வரட்டும் என்று கை வலிக்கிற வரைக்கும் குலுக்கினேன். மூடியைத் திறந்து பார்த்தால் மேலே மஞ்சள் மஞ்சளாகச் சின்னத் துணுக்குகள் மிதந்தன.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, வெண்ணெ எடுத்திட்டீங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளோ. வெண்ணெயை ஒரு கரண்டியில் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

துரை பங்களாவின் சமையற்காரரை அப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சிங்களவர். என் அப்பாவின் வயது இருக்கும். பங்களாவில் டென்னிஸ் ஆட்டம் நடக்கும் நாட்களில் விருந்தாளிகளுக்கு அவர் ஐஸ் கோப்பி கொடுப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்பெட்டி அந்த மலையில் அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒரு மத்தியானம் பங்களாவின் பின் வாசலுக்குப் போனேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நோனாவுக்கா? எத்தன மாசம்?"

"மூணு."

"ஆ. அப்ப கேளுங்க மாத்தயா. பால நல்லாக் காய்ச்சணும். ஆறினா மேல ஆடை வரும்தானே, அத எடுக்கணும். இன்னொரு தரம் ஆடை வரும், அதையும் எடுக்கணும். கொழுப்பு இருந்தா நுர நிக்காது. வெண்ணெதான் வரும்."

"வந்திச்சு" என்றேன்.

"வரும் வரும்" என்று தலையாட்டினார். "அப்புறம் நல்லாக் குளிரணும். சும்மா ஆறினாப் போதாது, கை வெச்சாச் சில்லுனு இருக்கணும். போத்தல்ல பாதிக்குக் கொறவா ஊத்துங்க. நுரைக்கு எடம் வேணும்தானே. ஐஸ் இருக்கா?"

"எங்க ஐயா ஐஸ்?"

கொஞ்சம் யோசித்தார். குளிர்பெட்டியில் வைத்துத் தருகிறேன் என்று சொல்ல அவருக்கு ஆசைதான், முகத்தில் தெரிந்தது. ஆனால் அது துரையின் பெட்டி. "ஒங்க ஸ்டோருக்கு மேல பீலித் தண்ணி வருதே, காலையில அதுல கை வெச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

மலைப் பாறையிலிருந்து தகரக் குழாய் வழியாக இறங்கிக் கொட்டும் அந்த நீரைத்தான் பீலி என்போம். லயத்துப் பெண்கள் விடியற்காலையில் அங்கேதான் தண்ணீர் பிடிப்பார்கள். பல் கூசும் குளிர். மாலையில் வீட்டுக்கு வெளியே வைத்துப் பாலைக் காய்ச்சி, ஆடையை இரண்டு தரம் எடுத்து, போத்தலில் ஊற்றி மூடி, கழுத்தில் சணல் கயிறு கட்டி, தண்ணீர் விழுந்து தேங்கும் குழியில் இறக்கி வைத்தேன். விடிந்ததும் எடுக்கப் போனேன். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் குனிந்து கயிற்றை இழுக்க, பால் போத்தல் வெளியே வந்தது.

கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி, எப்போதும் வாய் ஓயாதவள், கேட்டாள்: "என்னங்க ஐயா, பீலிக்குப் பால் வாக்கிறீங்களா? நாங்க கோயிலுக்குத்தான் வாப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் முகம் சூடேறியது. ஏதாவது பொய் சொல்லலாமா என்று பார்த்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. "வீட்டுல அவங்களுக்கு உண்டாகியிருக்கு. எதுவும் தங்க மாட்டேங்குது. குளுந்த பால் மட்டும் தங்குது" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "அத மொதல்லயே சொல்லப்படாதா ஐயா" என்றாள். மறுநாள் நான் போனபோது போத்தலைச் சுற்றிக் கல் அடுக்கி, குடம் இடிக்காமல், நாய் தொடாமல், மேலே ஒரு தட்டைக் கல்லும் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கற்கள் கடைசிவரை அங்கேயே இருந்தன.

போத்தலை முதன்முதலாக வெளியே எடுத்த அன்று காலையே நுரை வந்தது. போத்தலைத் துணியால் சுற்றிப் பிடித்து நூறு எண்ணும்வரை குலுக்கினேன். முதல் முப்பதில் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அறுபதில் சத்தம் தடித்தது. நூறாகும்போது சத்தமே இல்லை, கைக்குள் ஏதோ மெத்தென்று புரள்வது போல இருந்தது. போத்தலின் அடியை மேசையில் இரண்டு முறை தட்டினேன். பெரிய குமிழிகள் உடைந்து, பொடி நுரை மட்டும் நின்றது. கண்ணாடிக் கோப்பையில் ஆறின கோப்பியும் சீனியும் பாலும் ஊற்றி, மேலே நுரையைக் கரண்டியால் எடுத்து வைத்தேன். இரண்டு விரல் இல்லை, மூன்று விரல்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குடித்தாள். மேலுதட்டில் வெள்ளையாக ஒட்டியது.

"எப்பிடி?" என்றேன்.

"சீனி பத்தாது" என்றாள். ஆனால் கோப்பையைத் திருப்பித் தரும்போது அது காலியாக இருந்தது.

அன்றிலிருந்து காலை ஒன்று, பின்னேரம் ஒன்று. மெல்ல மெல்ல விசுக்கோத்து ஒன்றும் தங்கியது, பிறகு குளிர்ந்த சோறும் தயிரும். சோறு வடிக்கவும் நான் கற்றுக்கொண்டேன். ஆவி அவளிடம் போகாமல் இருக்க, வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்துச் சமைத்தேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் மாதம் தொடங்கியபோது நாங்கள் இரண்டு பேருமே நாளை எண்ணத் தொடங்கினோம், ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல். ஒரு காலை அவள் குசினியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சேலையில் இரத்தக் கறை. அதிகமில்லை. ஆனால் இருந்தது.

டாக்டர் ஐயா ஓடி வந்தார். அவளைப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார். "எழும்பவே படாது. நான் சொல்ற வரைக்கும் இப்பிடியே கெடக்கணும். மிச்சம் கடவுள் விட்ட வழி" என்றார்.

அவர் போன பிறகு நான் வாசலில் நின்றேன். ஸ்டோரில் மணி அடித்தது. கொழுந்து வந்து இறங்கியிருக்கும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"போங்க. கூப்பிடுறாங்க" என்றாள்.

நான் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் போயிருக்கப்படாது" என்றேன்.

அவள் கூரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"போனதுக்குக் கோவமில்லங்க" என்றாள். "மெஷின் நின்னா நீங்கதான் பாக்கணும். அது எனக்குத் தெரியாதா? வந்த பொறவு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். பையனா பொண்ணான்னாவது கேட்டிருக்கலாம்."

"என்ன பிள்ள?"

"பையன்."

இரண்டு வருடமாக அதை அவள் தனியாக வைத்திருந்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழுது முடித்து நாளாகியிருந்தது. என் தலையில் கை வைத்து, "அழுதா கட்டில் ஆடும். ஆடப்படாதுன்னு டாக்டர் ஐயா சொன்னாரு" என்றாள்.

ஸ்டோருக்குப் போய்ப் பெரிய டீமேக்கரிடம் பேசினேன். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் நான் வீட்டுக்குப் போய்வர வேண்டும், அரை மணித்தியாலம் ஆகும், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரோதைய நான் பாத்துக்கிறேன். நீ போ" என்றார்.

பத்து வாரம் அவள் அப்படியே கிடந்தாள். படுத்தபடி குடிக்க வேண்டியிருந்ததால் கோப்பையைக் கைவிட்டு, கரண்டியால் நுரையை ஊட்டினேன். அடுத்த அறையில் நான் போத்தலைக் குலுக்கும்போது அவள் சத்தத்தைக் கேட்டே சொல்லுவாள்: "இன்னும் வரல, நிப்பாட்டாதீங்க." அல்லது, "போதும், வந்திருச்சு." அவள் சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை.

மழைக்காலத்தில் ஒரு வாரம் பால்காரப் பெரியவரால் வர முடியவில்லை. லயத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஓடை பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. டாக்டர் ஐயா மருந்தகத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த, கொழுப்பு எடுத்த பால்மாவில் ஒரு கோதுமை மாப் பை நிறையக் கொடுத்தார். பிள்ளைத்தாச்சிக்கும் உரியதுதான் என்றார். தண்ணீரில் கரைத்து, அரை மனதோடு குலுக்கினேன். ஐம்பதுகூட எண்ணியிருக்க மாட்டேன், மூடியை முட்டிக்கொண்டு நின்றது. கோப்பையைச் சரித்தாலும் நுரை அசையவில்லை.

அவளிடம் காட்டினேன். "மாட்டுப் பால விட மாவுப் பாலுக்குத் தலக்கனம் ஜாஸ்தி" என்றாள். ருசி மட்டும் சொல்லும்படி இல்லை. பாலம் திரும்பக் கட்டியதும் பெரியவரின் பாலுக்கே மாறினோம்.

எட்டாம் மாதம் டாக்டர் ஐயா அவளை எழும்ப விட்டார். மாத்தளைக்குக் கொண்டு போகத் துரை தன் காரைக் கொடுத்தார். அப்பு சொல்லித்தான் கொடுத்தார் என்று பின்னால் தெரிந்தது. வளைவுகளில் நடக்கிற ஆள் எங்களை முந்திப் போகிற வேகத்தில் டிரைவர் ஓட்டினார். அவள் என் கையைப் பிடித்த பிடியை உக்குவெலை தாண்டும்வரை விடவில்லை. அண்ணன் வீட்டில் மூன்று வாரம் இருந்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சின்னதுதான், ஆனால் குரல் பெரிது.

செய்தி வந்த மறுநாள் காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். கட்டில் அருகே நின்ற தாதி, குழந்தையை என் கையில் வைத்தாள். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றேன். என் மனைவி தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. ஒடையாது" என்றாள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராகப் பங்களாவின் பின் வாசலுக்குப் போனேன். அப்பு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றேன். அவர் கையை வழித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். தனக்கும் ஒன்று பிறக்காமலே போனதென்றும், அப்போது தான் கொழும்பில் ஒரு துரை வீட்டில் இருந்ததென்றும், கடிதம் கிடைத்தபோது பத்து நாளாகியிருந்ததென்றும் சொன்னார். "நான் லீவு கேக்கல மாத்தயா. கேட்டாக் குடுப்பாங்களான்னும் தெரியாது" என்றார். ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. மகளுக்கு ஐந்து வயது முடிந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனோம். வாத்தியார் பெரிய பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பெயரையும் பிறந்த திகதியையும் எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எத்தனையாவது பிள்ள?"

பக்கத்தில் என் மனைவி நின்றாள். பதில் சொல்ல அவள் வாயெடுப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்.

"மூணாவது."

வாத்தியார் எழுதிக்கொண்டார். என் மனைவி மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "போயி உக்காரு" என்று அவளை வகுப்புக்குள் அனுப்பினாள்.